அருளரும் கலாவும்: ஓர் இசைத்தொகுப்பின் வளர்ச்சியும் நம் தோட்டத்து மேளமும்

இசை என்னுஞ் சொல்லைக் கேட்டவுடன் எம்மவருட் பலர்க்கு வீணையும் வயலினும் மிருதங்கமும் மனக்கண் முன் தோன்றும். கோவில் வீதியை நினைப்போர்க்கு நாதசுரமும் தவிலும் தோன்றும். ஆயின், ஹற்றனிலும் நுவரெலியாவிலும் அவற்றைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலும் பிறந்து வளர்ந்தோர்க்கு இவையெல்லாவற்றிற்கும் முன்னரே செவியில் விழுந்தவை தப்பும் உறுமியுமே. மாசி மாதத்துக் காமன்கூத்திலும், மாரியம்மன் திருவிழாவிலும், மணவினையிலும், மரணச் சடங்கிலும் அவை ஒலித்தன. முற்காலத்தில் விடியற்பொழுதில் தொழிலாளரைப் பெரட்டுக்களத்துக்கு அழைத்ததும் தப்பொலியே. இவ்வாறிருந்தும், கற்றோர் கூடும் மண்டபங்களில் இவ்வாத்தியங்களுக்கு ஆசனம் கிடைத்தது அரிது.

அத்தகைய உறுமி 2007ஆம் ஆண்டு இலண்டனிலிருந்து வெளிவந்த ஓர் இலத்திரனியல் இசைத்தொகுப்பிலே நடுநாயகமாக ஒலித்தது. அத்தொகுப்பின் பெயர் ‘கலா’. ஆக்கியவர் எம்.ஐ.ஏ. என்னும் பெயரால் உலகெங்கும் அறியப்படும் மாதங்கி அருள்பிரகாசம். இஃது அவரது இரண்டாவது தொகுப்பு. முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு வரும்போது அவருடைய ஒலி எவ்வாறு மாறியது, அம்மாற்றத்துக்குக் காரணங்கள் யாவை, மலையகத்தில் வாழும் நாம் அதிலிருந்து அறியத்தக்கது யாது என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

முதற் படி: ஒரு பெட்டியும் ஒரு குரலும்

மாதங்கி 1975ஆம் ஆண்டு யூலை மாதம் இலண்டனில் பிறந்தவர். ஆறு மாதக் குழந்தையாக இருந்தபொழுது பெற்றோருடன் யாழ்ப்பாணம் வந்து இளமையை அங்கே கழித்தார். உள்நாட்டுப் போர் மூண்ட பின், 1986ஆம் ஆண்டளவில் தாயுடனும் உடன்பிறந்தோருடனும் அகதியாக மீண்டும் இலண்டன் சென்றார். அங்குச் சென்ட்ரல் செயின்ற் மார்ட்டின்ஸ் கலைக்கல்லூரியில் அவர் பயின்றது இசையன்று, நுண்கலையும் திரைப்படமுமாகும். எலாஸ்டிக்கா என்னும் ஆங்கில இசைக்குழு 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட தொகுப்பிற்கு அட்டைப்படம் வரைந்தவரும் அவரே. அக்குழுவினரின் இசைப்பயணத்தைப் படம்பிடிக்கச் சென்றபொழுது, பீச்சஸ் என்னும் கனேடியப் பாடகி றோலண்ட் எம்சி-505 என்ற கருவியை அவருக்கு அறிமுகஞ் செய்தார்.

இக்கருவியின் இயல்பைச் சிறிது விளக்குதல் நன்று. அது மேசைமேல் வைக்கத்தக்க ஒரு பெட்டி. அதனுள்ளே பறை, தாளம், தாழ்சுரக் கம்பி முதலியவற்றை ஒத்த ஒலிகள் இலத்திரனியல் முறையில் அடங்கியுள்ளன. முன்புறத்தில் பதினாறு பொத்தான்கள் வரிசையாக உள்ளன. நம் இலயக் கணக்கிற் கூறின், ‘தகதிமி’ என்னும் சதுச்ர நடையை நான்கு முறை சொன்னால் வரும் பதினாறு எழுத்துக்களுக்கும் ஒவ்வொரு பொத்தான் எனலாம். எந்த எழுத்தில் அடி விழவேண்டுமோ அந்தப் பொத்தானை அழுத்திவிட்டால், நிறுத்தும் வரை கருவி அதே அடியை அதே இடத்தில் திரும்பத் திரும்ப ஒலித்துக்கொண்டேயிருக்கும். சுரம் எழுதப் பயிலாதவரும், பெரிய வாத்தியக்குழுவை அமர்த்தப் பொருளில்லாதவரும் தம் அறையிலிருந்தே இசை ஆக்குதல் இதனால் இயல்வதாயிற்று.

எம்.ஐ.ஏ.யின் முதற்பாடலாகிய ‘கலங்’ இவ்வாறு தொடங்கிய முயற்சியின் விளைவாகும். 2003ஆம் ஆண்டில் அதன் இசைத்தட்டு ஐந்நூறு படிகளே அச்சாயிற்று. அவ்வைந்நூறும் நடன அரங்குகளிலே கைமாறிப் புகழ் ஈட்டியமையால், எக்ஸ்எல் நிறுவனம் அவருடன் ஒப்பந்தஞ் செய்தது. 2005ஆம் ஆண்டில் முதற்றொகுப்பு வெளிவந்தது. அவர்தம் தந்தையார் அரசியலில் வழங்கிய பெயராகிய ‘அருளர்’ என்பதே அதன் பெயர். அவ்வாண்டு பிரித்தானியாவின் மேர்க்குரிப் பரிசிற்குப் பரிந்துரைக்கப்பட்ட தொகுப்புகளுள் அதுவும் ஒன்று.

‘அருளர்’ தொகுப்பின் ஒலி சிக்கனமானது. இயந்திரப் பறையின் அடி, அதன் கீழே கரடுமுரடான தாழ்சுரம், மேலே அதட்டிப் பேசுவது போன்ற குரல் ஆகிய மூன்றே அதன் உறுப்புகள் எனலாம். அடிகளுக்கிடையே வெற்றிடம் நிறைய உண்டு. யமேக்காவின் நடன அரங்கு இசையும், அமெரிக்கச் சொல்லிசையும், பிரேசில் நாட்டுச் சேரிகளின் இசையும் அதில் கலந்திருந்தன. ஆயினும் அவையாவும் பெட்டிக்குள்ளே புகுந்து பெட்டியின் குரலாலேயே பேசின. ஓர் இளைஞர் தம் சிற்றறையில் அமர்ந்து உலகத்தைக் கேட்டுச் செய்த இசை அது.

இடையில் எழுந்த தடை

இரண்டாவது தொகுப்பை ஐக்கிய அமெரிக்காவில், டிம்பலாண்ட் என்னும் புகழ்பெற்ற இசைத்தயாரிப்பாளருடன் சேர்ந்து ஆக்குவதென்பதே முதலில் வகுத்த திட்டம். அது நிறைவேறியிருப்பின் அமெரிக்க வானொலிக்கு உகந்த, மெருகேறிய ஒரு தொகுப்புக் கிடைத்திருத்தல் கூடும். ஆயின் 2006ஆம் ஆண்டில் அந்நாட்டில் நீண்டகாலம் தங்குவதற்கு வேண்டிய விசா அவருக்குக் கிடைப்பது தடைப்பட்டது. டிம்பலாண்டுடன் செய்த வேலை ஒரு பாடலளவில் நின்றுபோயிற்று.

கடவுச்சீட்டும் குடியுரிமைப் பத்திரமும் மனிதரின் வழியை மறிக்கும் வகையை மலையக மக்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோரான நம் முன்னோர், 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இரு நாடுகளுக்கும் எண்ணிக்கைப்படி பங்கிடப்பட்டனர். எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலையைத் தீர்க்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேதான் வந்தது. ஆகவே, ஒரு பத்திரத்தின் பொருட்டு ஒருவரது திட்டம் முழுவதும் குலைந்தது என்று கேட்கும்பொழுது, அது நமக்குப் புதுக்கதையன்று.

இக்கலைஞர் அத்தடையைப் பயணமாக மாற்றிக்கொண்டார். அமெரிக்காவின் வாயில் அடைபட்டிருந்த காலத்தில் இந்தியா, ரினிடாட், யமேக்கா, லைபீரியா, அவுஸ்திரேலியா, யப்பான் எனப் பல நாடுகளுக்குச் சென்று, சென்ற இடமெல்லாம் ஒலிப்பதிவு செய்தார். சுவிச் என்னும் புனைபெயர் கொண்ட ஆங்கில இசைத்தயாரிப்பாளர் டேவ் டெய்லர் அவருக்கு முதன்மைத் துணைவராக அமைந்தார். மடிக்கணினி ஒன்றும் ஒலிவாங்கி ஒன்றுமே பல இடங்களில் அவர்களுடைய கலையகம். இதனால் சுவர்களால் அடைக்கப்பட்ட அறையின் அமைதி நீங்கி, வெளியிடத்தின் ஆரவாரம் இசையினுட் புகுந்தது.

இரண்டாம் படி: பெட்டியிலிருந்து கூட்டத்திற்கு

2007ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் வெளிவந்த இத்தொகுப்பிற்கு அவர் தம் தாயாரின் பெயரைச் சூட்டினார். முதலாவது தந்தையின் பெயர், இரண்டாவது தாயின் பெயர். இஃது அன்பின் அடையாளம் மட்டுமன்று; ஒலியின் வேறுபாட்டையும் குறிப்பதாகும். ‘அருளர்’ அறைகூவல் விடுத்தது. ‘கலா’வோ பலரையும் பலவற்றையும் கூட்டிச் சேர்த்தது.

இம்மாற்றத்தை மூன்று வகையாகப் பிரித்து நோக்கலாம்.

முதலாவது, இயந்திர அடியுடன் மனிதக் கை சேர்ந்தமை. ‘பேர்ட் ஃப்ளூ’, ‘போய்ஸ்’ ஆகிய பாடல்களில் உறுமி ஓங்கி ஒலிக்கிறது. உறுமி இடை சுருங்கிய, இருமுகமுடைய தோற்கருவி. வளைந்த குச்சியால் அதன் ஒரு முகத்தை உராய்வர். மறுமுகத்தைக் குச்சியால் அடிப்பர். உராயும் குச்சி தோலைப் பற்றுவதும் வழுக்கி விடுவதுமாக ஒரு வினாடிக்குப் பலமுறை நிகழ்வதனால் உறுமல் பிறக்கிறது. வயலினில் வில் நரம்பைப் பற்றி விடுவதும் இதே விதியால்தான். அழுத்தம் கூடக் குறைய ஒலியின் சுருதியும் ஏறி இறங்கும். எம்சி-505 போன்ற பெட்டியிலுள்ள பறையொலியோ ஒவ்வொரு தடவையும் ஒரே சுருதியில், ஒரே வலிமையில் விழும். அன்றியும், மேளக்காரர் பலர் சேர்ந்து அடிக்கும்பொழுது அனைவர் அடியும் ஒரே கணத்தில் விழுவதில்லை. வினாடியின் ஆயிரத்திற் சில பங்கு முன்பின்னாக விழும் அடிகள் சேர்ந்து ஒலிக்கு ஒரு தடிப்பைத் தருகின்றன. நம் திருவிழாக்களில் மேளக்கூட்டம் நெஞ்சை அதிரச் செய்வதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. ‘கலா’வில் கேட்பது அந்தத் தடிப்பு.

இரண்டாவது, ஒலித்துணுக்குகளைக் கையாண்ட முறை. முன்னரே பதிவான ஓர் இசையிலிருந்து சிறு பகுதியை வெட்டியெடுத்துப் புதிய பாடலில் பதிக்கும் உத்தி இலத்திரனியல் இசைக்கு அடிப்படையானது. இதன் வேரைத் தேடினால், 1948ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்தில் பியேர் ஷேஃபர் என்பவர் புகையிரத ஒலிகளைப் பதிந்து, வெட்டி, அடுக்கி இசையாக்கிய சோதனையைக் காணலாம். ஹற்றன் நிலையத்தில் புகையிரதத்தின் வருகையைக் கேட்டு வளர்ந்த மாணவர் இதனை எளிதில் உணர்வர். இன்று கணினி அவ்வேலையைச் செய்கிறது. இறுவட்டின் அளவுப்படி ஒரு வினாடி ஒலியை 44,100 எண்களாக அது மாற்றி வைத்துக்கொள்ளும். எண்ணாக மாறிய பின் அதனை நீட்டலாம், குறுக்கலாம், தலைகீழாக்கலாம், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம்.

‘கலா’வின் முதற்பாடலாகிய ‘பம்பூ பங்கா’வில் அவ்வாறு பதிந்திருப்பது இளையராசா இசையமைத்த ‘தளபதி’ (1991) திரைப்படத்தின் ‘காட்டுக்குயிலு’ப் பாடற் பகுதி. ‘பேர்ட் ஃப்ளூ’வில் ‘ஜெயம்’ (2003) திரைப்படப் பாடலொன்றின் துணுக்கு உண்டு. ‘ஜிம்மி’ என்பது ‘டிஸ்கோ டான்சர்’ (1982) என்னும் இந்திப் படத்திற்காகப் பப்பி லாகிரி அமைத்த பாடலின் மறுவடிவம். ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாடலின் அடித்தளம் ‘த கிளாஷ்’ என்னும் ஆங்கிலக் குழு 1982ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு பாடலிலிருந்து வந்தது. புலம்பெயர்ந்த குடும்பமொன்றின் வீட்டில் தமிழ்ப்பாட்டும் இந்திப்பாட்டும் ஆங்கிலப்பாட்டும் அடுத்தடுத்து ஒலிப்பது வழக்கம். அந்த வீட்டின் காதையே இத்தொகுப்பில் நாம் கேட்கிறோம்.

மூன்றாவது, குரல்கள் பலவானமை. முதற்றொகுப்பில் மேலோங்கியது ஒருவர் குரலே. இரண்டாவதில் அவுஸ்திரேலியப் பழங்குடிச் சிறுவர்களின் ‘வில்கானியா மொப்’ குழு ஒரு பாடலிலும், ஆபிரிக்கன் போய் என்னும் இலண்டன் வாழ் நைஜீரியர் ஒரு பாடலிலும் இணைகின்றனர். ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாடலின் பல்லவியில் குழந்தைகள் குரல் கொடுக்கின்றனர். அப்பாடலில் துப்பாக்கி வெடியும் காசுப்பெட்டி திறக்கும் ஓசையும் தாளத்தின் உறுப்புகளாகவே வருகின்றன. குடியேறி வந்தவரெல்லாம் பணம் பறிக்க வந்தவரே என்று அஞ்சுவோரை எள்ளும் பாடல் அது. விசாத் தொல்லையின் அனுபவமே அதற்கு வித்து. தடையிற் பிறந்த அப்பாடல், தடை விதித்த நாட்டிலேயே 2008ஆம் ஆண்டில் பில்போர்ட் வரிசையில் நான்காம் இடத்தை எட்டியது. 2009ஆம் ஆண்டுக் கிறமி விருதுகளில் ஆண்டின் சிறந்த ஒலிப்பதிவு என்னும் பிரிவுக்கும் பரிந்துரைக்கப்பட்டது. அதே ஆண்டில், ‘சிலம்டோக் மில்லியனயர்’ படத்திற்காக ஏ.ஆர். ரகுமானும் எம்.ஐ.ஏ.யும் சேர்ந்து ஆக்கிய பாடல் ஒஸ்கார் பரிந்துரையும் பெற்றது.

மதிப்பீடு

‘கலா’ குறையற்ற படைப்பு என்று நாம் கூறவரவில்லை. சில பாடல்களில் ஆரவாரம் மிகுந்து சொற்கள் அமிழ்ந்துபோகின்றன. பல நாட்டு ஒலிகளை விரைந்து கடந்து செல்லுமிடத்து, ஒவ்வொன்றையும் ஆழ்ந்து நோக்க அவகாசமில்லை. ‘அருளர்’ தொகுப்பில் இருந்த தெளிவை விரும்புவோர் இதனைக் குழப்பமென்றும் கூறுவர். ஆயினும், புகழ் தந்த முறையையே மீண்டும் கையாண்டு எளிதில் வெற்றிபெற வாய்ப்பிருந்தும், அதனை விடுத்துத் தமக்குப் பழக்கமில்லாத இடத்திற் போய் நின்றமையே அக்கலைஞரின் துணிவு.

இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. அவர் பழமைக்குத் திரும்பினாரல்லர். உறுமியை உறுமியாக மட்டும் பதிந்து வைத்திருந்தால் அஃது ஓர் ஆவணமாகியிருக்கும். பெட்டியின் அடியையும் மேளக்காரரின் அடியையும் ஒன்றோடொன்று மோதவிட்டமையால், இரண்டும் முன்பில்லாத ஒன்றாயின. பெட்டி தவறாத காலக்கணக்கைத் தந்தது. மேளம் உயிர்ப்பைத் தந்தது.

தோட்டத்து ஒலி யாருக்குரியது?

இதுவரை கூறியது ஓர் இலண்டன் கலைஞரின் கதை. ஆயின் மலையகத்தோடு நேர்த்தொடர்புடைய கதையும் ஒன்றுண்டு. 2021ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ‘என்ஜாய் எஞ்சாமி’ என்னும் பாடல் வெளியாகி உலகெங்கும் பரவியது. தீ, அறிவு ஆகிய இருவரும் பாட, சந்தோஷ் நாராயணன் தயாரித்த பாடல் அது. அறிவின் பாட்டியார் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துப் பின்னர் தமிழ்நாடு திரும்பியவர். காட்டைத் திருத்தித் தோட்டமாக்கியும் சொந்த நிலமில்லாதோரின் துயரம் அப்பாடலில் ஒப்பாரியின் சாயலோடு ஒலிக்கிறது. மாதங்கி தாயின் பெயரைச் சூட்டியது போலவே, அறிவும் 2024ஆம் ஆண்டில் தம் தொகுப்புக்கு ‘வள்ளியம்மா பேராண்டி’ எனப் பாட்டியின் பெயரால் தலைப்பிட்டார்.

அப்பாடல் புகழடைந்தபொழுது, அதன் பெருமையில் யாருக்கு எவ்வளவு பங்கு என்ற விவாதமும் எழுந்தது. அவ்விவாதத்தில் தீர்ப்புக் கூறுவது நம் நோக்கமன்று. ஆயின் அது கிளப்பிய வினா நம் வாயிலிலும் நிற்கிறது. கணினியில் வெட்டியெடுத்த துணுக்கிற்கு உரியவர் யார்? திரைப்படப் பாடலாயின் இசையமைப்பாளரும் நிறுவனமும் உளர். அவர்களிடம் அனுமதி பெறலாம். தோட்டத்துத் தப்புக்காரர் பரம்பரையாக அடித்துவந்த ஓர் அடியை ஒருவர் பதிந்து கொண்டுபோய் உலகெங்கும் விற்றால், யாரிடம் அனுமதி பெறுவது? இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நாட்டார் வழக்காற்றின் வெளிப்பாடுகளுக்கும் பாதுகாப்பு அளிக்கிறது. மரபுச் சூழலுக்குப் புறம்பாகவோ வணிக நோக்குடனோ அவற்றைப் பயன்படுத்துவதை அச்சட்டம் கட்டுப்படுத்துகிறது. ஆயின், எந்த அடி எந்தக் கூத்துக்குரியது, அதனைப் பேணியவர் யாவர் என்று எழுதி வைக்காதவிடத்துச் சட்டம் மட்டும் என் செய்யும்?

தோட்டத்துப் பாடல்களைப் பொறுத்தவரையில் அந்த வேலையைத் தொடங்கியவர் சி.வி. வேலுப்பிள்ளை அவர்கள். வட்டகொடைப் பகுதியின் மடக்கொம்பரைத் தோட்டத்திற் பிறந்து, 1947ஆம் ஆண்டில் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரான அன்னார், அரசியலோடு நில்லாது மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தார். அவர் சொற்களைக் காத்தார். சொற்களுக்கு அடியில் நின்ற தாளத்தைக் காக்கும் கடமை அடுத்த தலைமுறைக்கு எஞ்சி நிற்கிறது.

மாணவர்க்குச் சில சொற்கள்

அக்கடமைக்கு வேண்டிய கருவி இன்று நம் மாணவர் பலரின் சட்டைப்பையில் இருக்கிறது. கைத்தொலைபேசியாற் பதிவு செய்தலும், மடிக்கணினியில் அடுக்கிப் பார்த்தலும் இன்று பெருஞ்செலவுடையன அல்ல. காமன்கூத்தில் அடிக்கும் அடி வேறு, பொன்னர் சங்கரில் அடிப்பது வேறு, அருச்சுனன் தபசில் அடிப்பது வேறு. சாவுக்கு அடிப்பதும் சாமிக்கு அடிப்பதும் ஒன்றல்ல. தோலை நெருப்பிற் காய்ச்சிச் சுருதி கூட்டும் பக்குவமும், ஒரு கையில் நீண்ட மெல்லிய குச்சியும் மறுகையிற் குறுந்தடியுமாக அடிக்கும் நுட்பமும் வாய்மொழியாகவே வழங்கி வருகின்றன. அவற்றை அறிந்த முதியவர் ஒருவர் மறையுந்தோறும் அவர் கையிலிருந்த அடியும் உடன் மறைகிறது.

தப்படிப்பவரின் மைந்தன் கல்லூரிக்கு வந்து, தந்தையின் கலையைச் சொல்ல நாணி மறைப்பானாயின், அந்நாணம் அவனுடைய குற்றமன்று. ஒரு தோற்கருவியை அதனை அடிப்பவரின் சாதி கொண்டு அளந்த சமுதாயத்தின் குற்றம் அது. இலண்டனில் ஒலித்ததனால் உறுமிக்கு உயர்வு வந்ததென்று நாம் கருதவேண்டியதில்லை. அது முன்னரே உயர்ந்த வாத்தியம். மேனாட்டார் செவிகொடுத்த பின்னரே நம்முடையதை நாம் மதிப்போமெனின், அம்மதிப்பு இரவல் மதிப்பேயாகும்.

ஆதலின், நம் கல்லூரியின் பழைய மாணவர் சங்கத்துக்கும் ஆசிரியர்க்கும் ஒரு வேண்டுகோள் விடுக்கின்றோம். இசை வகுப்பில் மிருதங்கத்திற்கு அருகே தப்புக்கும் உறுமிக்கும் ஓர் இடம் அளிப்போம். தோட்டங்களிலுள்ள மூத்த கலைஞரை மேடையேற்றி, அவர் பெயரும் தோட்டத்தின் பெயரும் அடியின் பெயரும் குறித்து, அவர் இசைவோடு ஒலிப்பதிவு செய்து நூலகத்தில் வைப்போம். அதன்பின், கணினியில் ஆர்வமுடைய மாணவன் அப்பதிவை எடுத்துப் புதியதொன்று ஆக்குவானாயின், அதன் முகப்பில் அக்கலைஞரின் பெயரைப் பொறித்தே வெளியிடட்டும். அவனுடைய முதற்பாடல் பிறர் பாட்டைப் பார்த்துச் செய்ததாக இருக்கலாம், அதனால் இழுக்கில்லை. இரண்டாவது பாடலிலாயினும் அவன் பிறந்த லயத்தின் ஒலி கேட்கட்டும்.